கீழ்வீட்டுச் சீலிங்

ஒரு சனிக்கிழமை காலை, கீழ்வீட்டுப் பெண் எங்கள் கதவைத் தட்டினாள். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. என் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் பாருங்கக்கா. தோசை மாதிரி இருக்குல்ல?"

படத்தில் அவளுடைய படுக்கையறைச் சீலிங் தெரிந்தது. வெள்ளைப் பரப்பின் நடுவே வட்டமாக ஒரு கறை. ஓரம் மட்டும் தேத்தண்ணீர் நிறத்தில் முறுகியிருந்தது. தோசை மாதிரித்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்பயிருந்து?"

"போன சனிக்கிழமை இட்லி சைஸ்ல இருந்துச்சு. சரி, காஞ்சு போயிரும்னு விட்டுட்டேன். வாரம் பூரா காஞ்சுதான் கெடந்துச்சு. இன்னைக்கு வந்து படுத்தா நெத்தியில ஒரு சொட்டு."

லண்டன் ஸ்ட்ரெதத்தில் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்த ஒரு பழைய வீடு அது. மேலே நானும் கணவரும் இரண்டரை வயது மகளும். கீழே தனியாக அவள், தமிழ்நாட்டிலிருந்து வந்த தாதி. எங்கள் குளியலறைத் தரைதான் அவளுடைய படுக்கைக்கு மேலே சீலிங்காக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் உரிமையாளர் ஒருவரே. சற்றுத் தள்ளிச் சட்டனில் இருக்கும் எங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் அவரை அண்ணை என்போம், அவள் ஓனர் சார் என்பாள்.

"ஓனர் சார்ட்ட சொல்லிரலாமா?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு கிழமை பொறுங்கோ. நான் பாக்கிறன்."

"நீங்களா? சார் பாக்க மாட்டாரா?"

"அவருக்கு ஸ்க்ரூ ட்ரைவரில எந்தப் பக்கம் பிடி எண்டே தெரியாது."

அவள் சிரித்தபடி படியிறங்கினாள். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

வீட்டுச் சாவியைத் தந்த அன்றே அண்ணை சொல்லியிருந்தார். "தங்கச்சி, உந்த பாத்ரூம் பழசு. லீக் ஏதும் வந்துதெண்டால் முழுக்க உடைச்சுத்தான் செய்ய வேணும். அப்ப ஆக்களை உள்ள வைச்சிருக்க ஏலாது. இப்பவே சொல்லிப்போட்டன்." சொல்லும்போது அவர் முகத்தில் கடுமை எதுவும் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

மகள் பிறந்ததிலிருந்து இது எங்கள் நான்காவது வீடு. முதலாவது, வேறொரு குடும்பத்தோடு சமையலறையைப் பங்கிட்ட ஓர் அறை. இரண்டாவதில் சுவர் முழுக்கப் பூஞ்சணம். மூன்றாவது வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணமாகி, வீடு அவனுக்குத் தேவைப்பட்டது. ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டும்போது மகள் ஒவ்வொரு பொருளாகத் திரும்ப வெளியே எடுத்து வைப்பாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் இரவில் எழும்பி அழுவதை நிறுத்தினாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நர்சரிக்குள் இப்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறாள். முதல் நாள் அப்படி ஓடியபோது வாசலில் நின்று நான்தான் அழுதேன். இன்னொரு முறை வீடு மாற என்னால் முடியாது. மகளுக்காகவா எனக்காகவா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அண்ணை வீட்டைப் பார்க்க வருவார். அடுத்த முறை அவர் வருவதற்குச் சரியாக ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் அந்தக் கசிவை நான் நிறுத்த வேண்டும்.

திருத்த வேலை எனக்கு முற்றிலும் புதிதல்ல. சமையலறைக் குழாய் சொட்டியபோது உள்ளே வாஷர் மாற்றியிருக்கிறேன். தொங்கிப்போன அலுமாரிக் கதவை நிமிர்த்தியிருக்கிறேன். யன்னல் இடுக்கில் குளிர் வராமல் ஸ்பொஞ்சுப் பட்டி ஒட்டியிருக்கிறேன். எல்லாம் வீடியோ பார்த்துப் பழகியது. நான் பார்க்கும் வீடியோக்களில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வருவார். அவருடைய உச்சரிப்பு எனக்குப் பாதிதான் விளங்கும். அதனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்து, கொப்பியில் குறிப்பெழுதுவேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்தபோது ஆய்வுகூடத்தில் வந்த பழக்கம் அது. குறிப்பை ஒழுங்காக எழுதிவிட்டு, செய்யும்போது அதை நம்பாமல் மறுபடியும் வீடியோவைப் போடுவது என் பழக்கம். ஸ்க்ரூ ட்ரைவர், பிளேட் முதலான ஆயுதங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன.

குளியல் தொட்டியும் சுவரும் சேரும் ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் பூசியிருந்த சிலிக்கனில்தான் என் சந்தேகம் விழுந்தது. அது கறுத்து, ஒரு மூலையில் பிளந்திருந்தது. சனி பகல் முழுக்கப் பழையதைப் பிளேட்டால் சுரண்டினேன். மகள் கதவுக்கு வெளியே இருந்து, "அம்மா, என்ன செய்யிறீங்கள்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய், கையில் பிளேட் இல்லை என்று காட்டிவிட்டு வந்தேன். பின்னேரம் புதிய சிலிக்கனைப் பிதுக்கி, விரலை நனைத்து இழுத்தேன். முதல் ஒரு முழம் அழகாக வந்தது. மிச்சம் சுண்ணாம்பு பூசிய வெற்றிலைக் காம்பு போல அங்கங்கே திரண்டிருந்தது.

இருபத்துநான்கு மணி நேரம் காய விட வேண்டும். ஞாயிறு காலை மகளுக்கு வயிற்றோட்டம். தோள்வரை அசிங்கம். வேறு வழியில்லாமல் தொட்டியில்தான் கழுவினேன். அதனால் அடுத்த சனிக்கிழமை கீழிருந்து "ஊத்தப்பம்" என்று ஒற்றைச் சொல்லில் செய்தி வந்தபோது, தவறு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காயுமுன் நனைத்தது நான்தானே.

இரண்டாவது கிழமை தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினேன். அடியில் தூசி, ஒரு பழைய ரேசர், காய்ந்த சிலந்திகள். ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் டிசுப் பேப்பரைச் சுற்றிவிட்டு, தண்ணீரைத் திறந்து, தரையில் கன்னம் படக் குனிந்து ரோர்ச் லைட் அடித்துப் பார்த்தேன். பேப்பர் காய்ந்தபடியே இருந்தது. சிலந்திகள்கூட நனையவில்லை. கணவர் வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்தார்.

"என்னவாம்?"

"ஈரமில்லை."

"அப்ப நல்லம்தானே."

"அதெப்பிடி நல்லம்? அங்க சொட்டுது, இஞ்ச ஈரமில்லை எண்டால் நான் பாக்கிற விதம் பிழை."

"உமக்குப் பேப்பர் சொன்னாலும் நம்பிக்கையில்லை, மனிசர் சொன்னாலும் நம்பிக்கையில்லை" என்றார். அவர் ரயில் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்கிறார். நாள் முழுக்க ஆட்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் எந்தக் கேள்விக்கும் நல்லம் என்ற பதிலே போதும் என்று நினைப்பவர்.

காய்ந்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே அதை நான் நம்பவில்லை. இப்போது நினைத்தாலும் அந்த இடம்தான் என்னை உறுத்துகிறது.

அந்த நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு வடிக்கும்போது காது குளியலறையில் இருக்கும். கணவர் ஷவரில் நின்றால் கதவில் தட்டி, "கெதியா முடியுங்கோ" என்பேன். மகளை இரண்டு அங்குலத் தண்ணீரில் இருத்தி, துள்ளாமல் பிடித்துக் குளிப்பாட்டினேன். "அம்மா, மீனுக்குத் தண்ணி காணாது" என்று தன் பிளாஸ்டிக் மீனைக் காட்டினாள். நர்சரிக்குப் போய்வரும் வழியில் எந்த வீட்டில் "வாடகைக்கு" பலகை நட்டிருக்கிறது என்று கண் தானாகத் தேடியது. அதற்காக என்னையே கடிந்துகொண்டேன். அபசகுனமாக நினைக்கலாமா?

மனம் அப்படி அலைந்ததால் வெள்ளிக்கிழமை வேலையை இன்னும் கூட்டிச் செய்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுமுன் வீடு கழுவுவது எங்கள் வழக்கம். இங்கே வீடு முழுக்கக் கார்ப்பெட். தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடியது குளியலறை ஒன்றுதான். அதனால் ஒரு வீட்டுக்குரிய தண்ணீர் முழுவதும் அந்தச் சின்னத் தரைக்குப் போகும். இரண்டு வாளி ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, குப்பை வாரியால் அள்ளித் தொட்டிக்குள் விட்டு, பழைய துவாயால் ஒற்றி எடுப்பேன். ஊரில் என்றால் மூலையில் ஓட்டை இருக்கும், தண்ணீர் தானாகப் போய்விடும். இங்கே ஓட்டை இல்லை, அதனால் அள்ளுகிறோம். அதற்குமேல் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அந்தக் கிழமைகளில் ஒரு பிடி மஞ்சளும் கரைத்தேன்.

அண்ணை வருவதற்குப் பத்து நாள் இருந்தபோது, ஒரு புதிய வீடியோவில் நான் அறியாத ஒரு விஷயம் கிடைத்தது. சிலிக்கன் பூசுமுன் தொட்டியை நிறையத் தண்ணீரால் நிரப்ப வேண்டுமாம். பாரத்தில் தொட்டி கொஞ்சம் கீழே இறங்கி, இடைவெளி முழுதாகத் திறக்கும். அந்த நிலையில் பூசி, காயும்வரை தண்ணீரை வெளியே விடக்கூடாது. இல்லாவிட்டால், பிறகு ஒருவர் ஏறி நிற்கும்போது புதிய சிலிக்கன் இழுபட்டுப் பிளந்துவிடும். என் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை பின்னேரம் பூசினேன். இந்த முறை இருபுறமும் நாடா ஒட்டி, ஒரே இழுவையில் செய்தேன். நாடாவை உரித்ததும் கடையில் வாங்கிய பொருள் போல ஒரு வெள்ளைக் கோடு நின்றது. தொட்டியில் விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை தண்ணீர். வியாழன் பின்னேரம் வரை ஒருவரும் குளிக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். மகளுக்காக ஒரு அழும் முகமும் கீறினேன். கதவில் அவளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொக்கியும் பூட்டினேன், தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே.

வியாழன் காலை கணவருக்குத் தொலைபேசி வந்தது. அவரோடு வேலை செய்பவரின் தகப்பனாருடைய தகனம் அன்றுதான். எங்களுக்கு அடுத்த நாள் என்று தவறாகச் சொல்லப்பட்டிருந்தது. அவசரமாகக் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, வாசலில் சப்பாத்தோடு நின்றபோதுதான் எங்கள் இருவருக்கும் அது உறைத்தது.

செத்த வீட்டிலிருந்து வந்தவர் குளிக்காமல் ஒன்றையும் தொடக்கூடாது. மகள் "அப்பா!" என்று ஓடி வந்தாள். நான் பாய்ந்து அவளை அள்ளினேன்.

"தொடாதேயுங்கோ. பிள்ளையைத் தொடாதேயுங்கோ."

"அப்ப நான் எங்க குளிக்கிறது? குசினி சிங்கிலயோ?"

"நாலு மணித்தியாலம்தானே. வெளிய ஒருக்கா நடந்திட்டு வாங்கோவன்."

"வெளிய மழை பெய்யுது. அதுவும் குளிப்புக் கணக்கெண்டால் சொல்லும், போய் நிக்கிறன்."

"பகிடி விடாதேயுங்கோ. சிலிக்கன் இன்னும் காயேல்லை. நீங்கள் ஏறி நிண்டால் எல்லாம் போச்சு."

"ஏறேல்லை. பாத் தொட்டிக்குள்ள கால் வைக்க மாட்டன். சத்தியம்."

மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சிறிது நேரத்தில் குளியலறையிலிருந்து ஒரு பெரிய அலறல். தொடர்ந்து சடாரென்று தண்ணீர் விழும் சத்தம். "ஐயோ! ஐஸ்!" மறுபடி சடார். மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எத்தனை நாளைக்குப் பிறகோ.

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தார், உதடு நீலமாக. "சொன்ன மாதிரி பாத்தைத் தொடேல்லை. தொட்டி நிறையத் தண்ணி இருக்கு, வாளி இருக்கு. வெளியில நிண்டு அள்ளி வார்த்தன். பத்து வாளிதான். உம்மட கோடு அப்பிடியே இருக்கு, போய்ப் பாரும்."

போய்ப் பார்த்தேன். தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தும் கோடு அப்படியே இருந்தது. தரையெல்லாம் துவாய். நான்கு துவாயைப் போட்டுத் துடைத்திருந்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தேன்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பெண். இரவு வேலைக்கு முன் தூங்கிக்கொண்டிருந்தவள், தலைமுடி கலைந்து, ஒரு பக்கக் கன்னம் ஈரமாக நின்றாள். முதல் தடவையாகக் கோபத்தோடு.

"அக்கா, இன்னைக்குச் சொட்டு இல்ல, ஊத்துது. பாத்திரம் வச்சிருக்கேன். இத்தன நாளும் சனிக்கிழமைதானே வரும்? இன்னைக்கு வியாழக்கிழமைதானக்கா?"

"ஆனா நாங்கள் பாத்தைப் பாவிக்கவே இல்லை" என்றேன். "நேற்றிலயிருந்து ஒருத்தரும் பாத்தில கால்கூட..."

பின்னால் கணவர் தலை துவட்டுவதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை. ஒவ்வொரு முறையும் சனிக்கிழமை காலை. அதற்கு முதல்நாள் வெள்ளி. இன்று வியாழன், இன்று பத்து வாளி. முதல் நாள் வந்தபோதே விடையை அவள் என் கையில் தந்துவிட்டுப் போயிருந்தாள்: வாரம் பூரா காய்ந்து கிடக்கிறது, சனிக்கிழமைதான் வருகிறது என்று. நாங்கள் நாள்தோறும் ஷவரில் நின்றோம். தொட்டியில் ஓட்டை என்றால் நாள்தோறும் அல்லவா ஒழுகியிருக்கும்? ஆய்வுகூடத்தில் முதல் வருடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. நான் கொப்பியில் சிலிக்கனின் காயும் நேரத்தை மூன்று நிறத்தில் எழுதி வைத்திருந்தேன்.

"தங்கச்சி," என்றேன், "நான் வெள்ளிக்கிழமையில குளியலறையைக் கழுவுறனான். தண்ணி ஊத்தி."

அவள் கண்ணை இடுக்கினாள். "ஊத்தின்னா? வாளியிலயா?"

"ஓம். ரெண்டு வாளி."

"அப்ப அஞ்சாறு வாரமா உங்க பாத்ரூம் கழுவுன தண்ணியிலதான் நான் தூங்குனேனா?"

"மஞ்சள் போட்டுத்தான் கழுவினது" என்றார் கணவர் பின்னாலிருந்து. நான் திரும்பிப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

அவள் சிரிக்கவில்லை. போய்க் குளிக்க வேண்டும் என்றாள். படியில் பாதி இறங்கியவள் நின்று, "எங்க ஹாஸ்டல்ல நாங்களும் இப்படித்தான் ஊத்துனோம். வார்டன் வாளியையே எடுத்துட்டுப் போய்ட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னித்துவிட்டாளா, இல்லையா என்று அன்று முழுக்க அந்தக் குரலைத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தேன்.

அடுத்த நாள் மகளை நர்சரியில் விட்டுவந்து, கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் முழங்காலில் இருந்தேன். தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பு அந்த மூலையில் பசை விட்டுச் சுருண்டிருந்தது. தூக்கினேன். எப்போதோ ஒரு குழாய் போன பாதையில் மரப்பலகையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துளை. சுற்றிலும் பலகை கறுத்து, நகம் பட்டால் கேக் போல உதிர்ந்தது. ஊரில் மூலையில் ஓட்டை இருக்கும் என்று சொன்னேனே. இங்கேயும் இருந்திருக்கிறது, நேரே ஒருத்தியின் நெற்றிக்கு.

கணவர் அந்தத் துளையை நெடுநேரம் பார்த்தார். "அண்ணைக்கு இதைச் சொல்ல வேண்டாம். விரிப்பை ஒட்டிவிடும். கேட்டால் பழைய பைப்பாக்கும் எண்டு சொல்லுவம். இனிக் கழுவ மாட்டம்தானே."

நான் ஓம் என்றேன். சொல்லும்போதே அது சரியில்லை என்று தெரிந்தது. சொல்லாமல் விட்டாலும் சரியில்லை. விரிப்பை ஒட்டினேன். இரவு உரித்துப் பார்த்தேன், காற்றுப் படாமல் மரம் இன்னும் உக்கிவிடுமோ என்று. காலை மறுபடி ஒட்டினேன்.

அண்ணை வந்த சனிக்கிழமை, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மகளுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் கொடுத்தார். முதலில் கீழே போய்ச் சீலிங்கைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறியிருந்தார். அதை மறைக்க வழியே இல்லை. கறை இப்போது தோசைக்கல்லையும் தாண்டியிருந்தது. கீழ்வீட்டுப் பெண் தண்ணீர் வருகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். எங்கிருந்து என்பதைச் சொல்லவில்லை. அதை எனக்கு விட்டுவைத்திருந்தாள்.

அவர் குளியலறைக்குள் போய் வெள்ளைக் கோட்டை விரலால் தடவினார்.

"இது ஆர் செய்தது?"

"நான்தான், அண்ணை."

"வடிவாச் செய்திருக்கிறீங்கள், தங்கச்சி. காசு குடுத்துக் கூப்பிடுறவங்களும் இப்பிடிச் செய்யிறேல்லை." பிறகு தொட்டியில் தட்டினார். "ஆனா இது பிரயோசனமில்லை. உள்ள பைப் பழுதாப் போச்சுது. நான் முதலே சொன்னனான்தானே. எல்லாத்தையும் உடைச்சு எடுக்க வேணும். மூண்டு மாசமாவது பிடிக்கும். நீங்கள் வேற இடம் பாத்தால் நல்லம்."

கணவர் என்னைப் பார்த்தார். நாங்கள் ஒளிந்துகொள்ள நினைத்த பழைய பைப்தான் எங்களை வெளியே தள்ளப் போகிறது. ஆனால் நான் அந்த நேரத்தில் இதையெல்லாம் கணக்குப் பார்த்துப் பேசினேன் என்று சொன்னால் பொய். அந்தத் தொட்டி ஒரு குற்றமும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அண்ணை, பாத்தில பிழையில்லை. பைப்பிலயும் பிழையில்லை. நான் வெள்ளிக்கிழமையில தரைக்குத் தண்ணி ஊத்திக் கழுவுறனான்."

"தரைக்கோ?"

குனிந்து விரிப்பை உரித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நானும் ஒருக்கா குளிச்சனான், அண்ணை" என்றார் கணவர் திடீரென்று. "இதில நிண்டு. செத்த வீட்டால வந்த நேரம்."

"இதில நிண்டு?"

"பத்து வாளி."

அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "லண்டனில கிணத்தடி வைச்சிருக்கிறியள்" என்றார். பிறகு என்னிடம், சத்தத்தைக் குறைத்து, "படிச்ச பிள்ளையெல்லோ எண்டு நினைச்சுத்தான் வீட்டைத் தந்தனான்."

"இனி என்ன செய்யிறது, அண்ணை?" என்றேன்.

"பாப்பம்" என்றார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஆட்களின் பாப்பம் என்ற சொல்லை வைத்து ஒரு வீட்டில் ஒன்பது நாள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு நீளமென்று தெரியும். அந்த நாட்களில் நான் எதையும் திருத்தவில்லை. சமையலறை இழுப்பறைப் பிடி கழன்று கையோடு வந்தது. அதை அப்படியே அலுமாரிக்கு மேல் வைத்தேன். போகப்போகிற வீட்டில் திருத்தி என்ன? சொன்னது பிழையோ என்று காலையில் நினைப்பேன். இன்னும் முதலே சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னேரம் நினைப்பேன். வெள்ளிக்கிழமை வந்தது. முறுக்கிப் பிழிந்த துணியால் குளியலறையைத் துடைத்துவிட்டு விளக்கேற்றினேன். வீடு கழுவாத வெள்ளி போலவே இருந்தது. ஒரு பக்கத்துச் சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போனது போல.

பத்தாம் நாள் அண்ணை குரற்செய்தி அனுப்பினார். "தங்கச்சி, திங்கட்கிழமை தச்சுவேலை செய்யிறவர் வருவார். பலகை மாத்த ரெண்டு நாள்தான். நீங்கள் உள்ளதான் இருங்கோ. கீழ சீலிங்கை நீங்களே பெயின்ட் அடிச்சுக் குடுங்கோ, உங்களுக்குக் கைவாகு இருக்கு. உந்த வாளியைப் பிள்ளைக்கு விளையாடக் குடுங்கோ." அதை நான் நான்கு முறை கேட்டேன். "உள்ளதான் இருங்கோ" என்ற இடத்தில் அவர் குரல் அந்த இரண்டு நாளைச் சொல்கிறதா, அதற்குப் பிறகும் சேர்த்தா என்று. கணவர் கைபேசியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பலகை மாற்றி, கீழே ஈரம் காய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சீலிங் வேலையை எடுத்தேன். கறைக்கு மேலே நேரடியாக வெள்ளை அடித்தால் பழுப்பு நிறம் மறுபடி மேலே வந்துவிடும். முதலில் கறையை அடக்கும் பூச்சு ஒன்று அடிக்க வேண்டும். கீழ்வீட்டுப் பெண் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, பழைய விரிப்பைப் போட்டு, ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அண்ணாந்து அந்தத் தோசையின் ஓரத்திலிருந்து பூசத் தொடங்கினேன்.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது. திடுதிடுவென்று சின்னக் கால்கள். பின்னால் கணவரின் குரல், "குஞ்சு, ஓடாதேங்கோ." பிளாஸ்டிக் மீனாக இருக்க வேண்டும், ஏதோ விழுந்து உருண்டது. என் வீடு. ஒரு பலகைக்கு அப்பால்.

"இவ்வளவு சத்தமாவா கேக்குது?"

"ஆமாக்கா. எல்லாம் கேக்கும்."

"நீங்கள் பகலிலதானே படுக்கிறது?"

"பழகிருச்சு. வெள்ளிக்கிழமை மட்டும் கரகரன்னு ஒரு சத்தம் வரும். மேல அக்கா மாவாட்டுறாங்க, சனிக்கிழமை இட்லி கொடுத்து விடுவாங்கன்னு நெனச்சேன்." ஏணியை ஆட்டினாள். "நீங்க கொடுத்து விட்டீங்க. சீலிங் வழியா."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இத்தனை நாளும் அவள் எங்களுக்குக் கீழே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள், சத்தமென்று ஒருநாளும் மேலே வந்து சொன்னதில்லை. அந்த வெள்ளிக்கிழமை இட்லி அவிக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் இட்லி அவளுக்குப் பிடிக்குமோ, கல்லு மாதிரி இருக்கென்று சொல்வாளோ என்றும் உடனே நினைத்தேன்.

மேலே குழாய் திறந்தது. தூரிகை என் கையில் நின்றது. தண்ணீர் ஓடும் சத்தம், நின்றது, மறுபடி ஓடியது. புதிய பலகைக்கு அடியில், ஈரமான வெள்ளைப் பூச்சுக்கு ஒரு சாண் கீழே முகத்தை வைத்துக்கொண்டு நான் அசையாமல் நின்றேன். பூச்சு ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது.

"கை கழுவுறாருக்கா. அவ்ளோதான்."

"தெரியும்" என்றேன்.

குழாய் மூடப்பட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்தே நின்றேன், பிறகு கன்னத்தைத் தோளில் துடைத்துவிட்டுத் தூரிகையைப் பூச்சில் தோய்த்தேன்.